பார்ப்பது பாதி; பேசுவது மீதி!

"பொம்மைப் படம்தானே? இதுக்குப் போய் இவ்வளவு கூட்டமா?"

2025-ம் ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பான் படம் தமிழ் பேசிக்கொண்டு நம்ம ஊர் தியேட்டர்களுக்கு வந்தது. வயசுப் பிள்ளைகள் முண்டியடித்ததைப் பார்த்துப் பெரியவர்கள் பலருக்கு வந்த சந்தேகம் இது.

பொம்மைப் படம்தான். ஜப்பானில் அதற்கு 'அனிமே' என்று பெயர். கை வலிக்க வரைந்து எடுக்கிற படம். குழந்தைக்கு ஒரு கதை, காலேஜ் பையனுக்கு ஒரு கதை, ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஒரு கதை என்று எல்லாருக்கும் அதில் கதை உண்டு.

நானும் அனிமே ரசிகன்தான். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தொடரைப் பார்ப்பது பாதி சுகம்தான். பார்த்த பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து, "அவன் ஏன் அப்படிச் செய்தான்? அடுத்த வாரம் என்ன ஆகும்?" என்று பேசுகிறோமே, அது மீதி சுகம்.

வெட்டிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சுதான் செத்துப்போன தொடர்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது!

செத்துப் பிழைத்த கப்பல்

1974-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற தொடர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அதே நேரத்தில் இன்னொரு டி.வி.யில் 'ஹைடி' என்ற மலைநாட்டுச் சிறுமியின் கதை. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 39 வாரம் ஓட வேண்டிய யமாட்டோவை 26 வாரத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை.

பார்த்த கொஞ்சம் பேர் சும்மா இருக்கவில்லை. ரசிகர் சங்கம் வைத்தார்கள். சொந்தச் செலவில் பத்திரிகை போட்டார்கள். மறுபடி ஒளிபரப்பியபோது புதிதாகப் பலர் சேர்ந்தார்கள். 1977 ஆகஸ்டில் அதையே சினிமாவாக்கி வெளியிட்டார்கள். முதல் நாள் ராத்திரியே தியேட்டர் வாசலில் கியூ! விடிய விடிய காத்துக் கிடந்தார்கள்.

1979-ல் வந்த 'கண்டாம்' தொடருக்கும் இதே கதிதான். ரோபோ பொம்மை விற்பதற்காகக் கம்பெனி காசு போட்ட தொடர். பொம்மை விற்கவில்லை. 52 வாரம் என்றது 43 வாரத்தில் நின்றது.

மறு ஒளிபரப்பில் சூடு பிடித்தது. 1981 பிப்ரவரி 22-ந் தேதி டோக்கியோ ஷிஞ்சுகுவில், அதன் சினிமா வருவதற்கு முன்பு, ரசிகர்களைக் கூட்டினார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் கூட்டம்! டைரக்டர் தொமினோ மேடை ஏறிப் பேசினார். நிறுத்தப்பட்ட தொடருக்கு இந்த மரியாதை!

சண்டையும் நல்லதுதான்

ரசிகர்கள் ஒத்துப்போனால்தான் பேச்சு என்று இல்லை. சண்டை போட்டாலும் ருசிதான்.

1995-ல் 'எவாங்கேலியன்' என்ற தொடர் தொடங்கியது. ராட்சதர்களோடு போர். 26 வாரம். 1996 மார்ச்சில் கடைசி இரண்டு வாரம் வந்ததும் எல்லாரும் திகைத்துப்போனார்கள். போரைக் காட்டாமல், கதாநாயகப் பையனின் மனசுக்குள் புகுந்து கதையை முடித்துவிட்டார் டைரக்டர் ஹிடேயாகி அன்னோ.

"என்னய்யா இது, ஏமாத்து வேலை!" என்றது ஒரு கட்சி. "இதுதான்யா கலை!" என்றது இன்னொரு கட்சி. 1997-ல் வேறொரு முடிவைச் சினிமாவாக எடுத்தார். அதற்கும் சண்டை! அந்த வழியில் வந்த கடைசிப் படம் 2021-ல் வந்தது. 25 வருஷம் நடந்த பட்டிமன்றம்!

யாரும் பேசாத தொடராக இருந்தால் 25 நாளில் மறந்து போயிருக்கும்.

ஒரே விநாடி

இன்னொரு சங்கதி. ஹயாவோ மியாசாகி 1986-ல் எடுத்த படம் 'வான்கோட்டை லாபுடா'. அதில் பையனும் பெண்ணும் கைகோர்த்து 'பருஸ்' என்று மந்திரம் சொல்வார்கள். கோட்டை இடிந்து விழும். ஜப்பானில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

2013 ஆகஸ்ட் 2-ந் தேதி ராத்திரி டி.வி.யில் அந்தப் படம் மறுபடி வந்தது. ரசிகர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். மந்திரம் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். அந்த ஒரே விநாடியில் ட்விட்டரில் விழுந்த செய்திகள் 1,43,199! அன்றைக்கு அது சாதனை.

முடிவு தெரிந்த 27 வருஷப் பழைய படம். தனித்தனி வீட்டில் இருந்தார்கள். ஆனாலும் சேர்ந்து பார்த்தார்கள். அதான் விஷயம்.

மொத்தமாகக் கொட்டினால்?

இப்போது என்ன நடக்கிறது? சில தொடர்களை மொத்தமாக அவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

'ஜோஜோ' என்ற தொடர் 2012 முதல் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. வாரா வாரம் பேச்சு, கிண்டல், படம் வரைதல் என்று திருவிழாதான். 2021 டிசம்பரில் அதன் அடுத்த பாகத்தில் 12 பகுதிகளை ஒரே நாளில் வெளியிட்டது நெட்பிளிக்ஸ். ஒருத்தன் ராத்திரியே முடித்துவிட்டான். இன்னொருத்தன் மூன்றாவதில் நிற்கிறான். யார் யாரோடு பேசுவது? முடித்தவன் வாயைத் திறந்தால் மற்றவன் காதைப் பொத்துகிறான்! ரசிகர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

மொத்தமாக வருவதிலும் வசதி உண்டு. நைட் டூட்டி பார்க்கிறவனுக்கும், ஞாயிறு மட்டும் கடை அடைக்கிறவருக்கும் கிடைத்த நேரம்தான் நேரம். அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் கம்பெனி எப்படிக் கொடுத்தால் என்ன? எப்படிப் பார்ப்பது என்பது நம்ம கையில் இருக்கிறது. சிநேகிதர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "வாரத்துக்கு இரண்டு பகுதி, அதற்கு மேல் பார்க்கக் கூடாது" என்று ஒப்பந்தம் போடுங்கள். ரயிலிலோ, டீக்கடையிலோ பேசுங்கள்.

இரண்டே நிபந்தனை. முன்னால் பார்த்தவர் முடிவைச் சொல்லக் கூடாது. நேற்றுப் பார்க்கத் தொடங்கியவனை, "உனக்கென்ன தெரியும்?" என்று விரட்டக் கூடாது. யமாட்டோவைப் பிழைக்க வைத்த கூட்டத்தில் பலர், மறு ஒளிபரப்பில் வந்து சேர்ந்தவர்கள்தானே!