தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பருவமும் நோயும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பரந்துள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நோய்த்தடுப்புப் பணிகளும் மருத்துவமனைகளின் ஆயத்தமும் குடிநீர் வழங்கலும், கோடைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை என மாநிலம் முழுமைக்கும் வகுக்கப்படும் பொது அட்டவணையை விடுத்து, இப்பள்ளத்தாக்குக்கே உரிய பருவ ஒழுங்கின்படி திட்டமிடப்பட வேண்டும் என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடாகும். வானிலை என்பது ஒரு நாளின் அல்லது ஒரு வாரத்தின் வெயில், மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றின் நிலை. காலநிலை என்பது அவற்றின் முப்பதாண்டு அளவிலான சராசரிப் போக்கு. இவ்விரண்டும் மனித உடலைப் பெரும்பாலும் நீர், வீடு, உழைப்பு ஆகியவற்றின் வழியாகவே தாக்குகின்றன என்பதற்கு இப்பகுதியின் அண்மைக்கால வரலாறே சான்றாகும்.

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமே உடையது எனினும், அக்குறுகிய தொலைவுக்குள் மழைக்காட்டையும் மழைமறைவுச் சமவெளியையும் உப்பளக் கடற்கரையையும் கடந்து செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாபநாசம் அணைக்கு நீரையும் குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகளுக்குச் சாரலையும் தருகிறது. அதே காற்று பாளையங்கோட்டையை அடையும்போது ஈரத்தை இழந்து வறண்டு வீசுகிறது. எனவே கத்திரி வெயில் மே இறுதியில் முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் கூறிய பின்னரும் திருநெல்வேலியில் வெயில் எளிதில் தணிவதில்லை. கார் சாகுபடிக்கு வயலில் ஆட்கள் இறங்குவதும் அந்த மாதங்களில்தான். பருவத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு இங்கு புதிய செய்தியன்று. 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பயிற்றுவிக்கப்படும் மரபு, ஆறு பெரும்பொழுதுகளுக்கும் வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள உறவைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. எனினும் அம்மரபு வகுத்த பொழுதுகளின் எல்லைகள் இன்றும் மாறாதிருப்பதாகக் கொண்டு நலத்திட்டம் வகுக்க இயலாது.

2012ஆம் ஆண்டின் டெங்குப் பரவல் இவ்வறிக்கையின் முதன்மைச் சான்றாகும். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகவும் 66 பேர் இறந்ததாகவும் தேசிய அளவிலான கணக்கு பதிவுசெய்தது. இந்திய மாநிலங்களுள் அதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. அப்பரவல் முதலில் கடுமையாக வெளிப்பட்ட இடம் திருநெல்வேலி மாவட்டம், குறிப்பாக அன்று அம்மாவட்டத்தில் இருந்ததும் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளதுமான கடையநல்லூர்ப் பகுதி. வெளிப்பட்ட காலமோ மே, ஜூன் மாதங்கள். டெங்குவை மழைக்கால நோயாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு இது வியப்பளித்திருக்கலாம். ஆனால் அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. டிரம், சிமெண்ட் தொட்டி, மூடாத குடம் ஆகியவற்றில் சேமித்த நல்ல தண்ணீரின் விளிம்பில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டவுடன் பொரிகின்றன. கொசு உறிஞ்சிய வைரசு அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீரை அடைவதற்கு 25 முதல் 28 பாகை செல்சியசில் ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. வெப்பம் கூடக் கூட இவ்விடைவெளி சுருங்குகிறது. ஆகவே வறட்சியால் மக்கள் தண்ணீரைச் சேமித்து வைப்பதும், வெப்பத்தால் வைரசு விரைந்து முதிர்வதும், சாரல் காற்றின் ஈரப்பதத்தால் கொசுவின் ஆயுள் நீள்வதும் மலையடிவார ஊர்களில் ஒரே நேரத்தில் கூடிவருகின்றன.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. அறிவுரை சரியானதே. ஆனால் குழாயில் பல நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே தண்ணீர் வரும் தெருவில், சேமித்த நீரைக் கொட்டிவிடுமாறு ஒரு குடும்பத் தலைவியிடம் கூறுவதும், கொட்டாததற்காக அவருக்கு அபராதம் விதிப்பதும் நியாயமல்ல என்று இவ்வமைப்பு கருதுகிறது. குடிநீர் வழங்கலின் இடைவெளியைக் குறைப்பதே முதன்மையான டெங்குத் தடுப்பு நடவடிக்கை. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து தெளிப்பது அதற்கு அடுத்த நிலையிலும், கண்ணுக்குத் தெரிவதாலேயே மதிப்புப் பெற்றுவிட்ட புகை அடிப்பு கடைசியிலும் வைக்கப்பட வேண்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, அளவுகோலே இப்பகுதிக்குப் பொருந்தாமல் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பநிலை 40 பாகையை எட்டுவதோடு இயல்பைவிடக் குறைந்தது 4.5 பாகை மிகுந்தால்தான் பொதுவாக வெப்ப அலை எனப்படும். இயல்பான கோடையே கடுமையாக உள்ள ஊரில் விலகல் சிறிதாகவே இருக்கும் என்பதால், அறிவிப்பு எதுவும் இன்றியே மக்கள் நலிகின்றனர். உடல் தன் வெப்பத்தை வியர்வை ஆவியாவதன் மூலம் இழப்பதால், ஈரப்பதமும் வெயிலின் கதிர்வீச்சும் சேர்த்துக் கணிக்கப்படும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்னும் அளவே உழைப்பவர்களுக்கு உரிய அளவாகும். சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் இவ்வளவைக் கொண்டு நடத்திய ஆய்வில், மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைத்ததும், நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தன. உப்பளத்தில் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர் என்பதையும் சேர்த்து எண்ணினால், சிறுநீரகப் பாதிப்பை வெயிலின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

வெளியில் உழைப்பவர்களின் நேரத்தை மாற்றியமைக்கும் ஆணைகள், முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் முதலிய ஊர்களில் வீட்டுக்குள் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களை எட்டுவதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு ஓய்வு நேரம் கூலியிழப்பாகிறது; தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பகலில் உழைக்கும் அவர், இரவிலும் அதே கூரையின் கீழ் உறங்குவதால் உடல் ஆறுவதற்கான நேரமே இல்லாமல் போகிறது. அகமதாபாத் மாநகராட்சி, 2010 மே மாதக் கொடும் வெயிலுக்குப் பின், 2013இல் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்து, வெள்ளைப் பூச்சுக் கூரைகளையும் பிற்பாடு அதில் இணைத்துக்கொண்டது. பீடித் தொழிலாளர் வீடுகளுக்கும் அத்தகைய கூரை பொருந்தும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை இவ்வமைப்பு வரவேற்கிறது. ஆயினும் வெயிலால் நேரும் இறப்பு மாரடைப்பு என்றே எழுதப்படும் வரை, நிவாரணம் உரியவர்களைச் சேராது. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் ஒவ்வொருவரின் உடல் வெப்பநிலையும் மருத்துவமனைப் பதிவேட்டில் கட்டாயம் குறிக்கப்பட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை, அளவுகோல் இப்பகுதிக்குப் பொருந்தவில்லை என்னும் இதே பாடத்தை எதிர்முனையிலிருந்து தந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது; தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. கொக்கிரகுளமும் திருநெல்வேலி சந்திப்பும் நீரில் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தனர். வானிலைத் துறையின் மழை வகைப்பாட்டில் 20.4 செ.மீ.க்கு மேற்பட்ட அனைத்தும் அதிகனமழை என்ற ஒரே பிரிவில் அடங்குவதால், 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் எச்சரிக்கை மொழியில் வேறுபாடு இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளையும் பேறுகாலம் நெருங்கிய பெண்களையும் முன்கூட்டியே எங்கு மாற்றுவது என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவ அலுவலருக்கு இவ்வேறுபாடே முதன்மையானது. 1992 நவம்பரிலும் இவ்வாறு பெருவெள்ளம் கண்டது தாமிரபரணி. ஆகவே ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையில் ஏற்றுவது சரியன்று எனினும், வெப்பமான காற்று கூடுதல் நீராவியைத் தாங்குவதால் கொட்டும் மழையின் கடுமை கூடிவருகிறது என்பதில் அறிவியலாளரிடையே ஐயமில்லை.

வெள்ளம் வடிந்த பின் தொடங்கும் நோய்கள் பேசப்படுவது குறைவு. ஆற்றுப்படுகையிலுள்ள உறைகிணறுகளும் குழாய்களும் சேதமடைந்தால், அவற்றை நம்பியிருக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கடைசி ஊர்வரை வயிற்றுப்போக்கு அச்சம் பரவுகிறது; அங்கெல்லாம் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் உள்ளதா என்பது நாள்தோறும் சோதிக்கப்பட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நின்று பிசானப் பருவ வயலில் உழைப்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும், குளிர்மாதங்களில் புதர்ப்பகுதிகளில் நடமாடுபவர்களுக்கு நுண்ணிய பூச்சி கடிப்பதால் உண்ணிக்காய்ச்சலும் வருகின்றன. இரண்டையும் தொடக்கத்திலேயே ஐயுற்றால், டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்தே பெரும்பாலும் போதுமானது. ஐயுறாததே உயிரிழப்புக்குக் காரணமாகிறது.

ஆகவே பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காய்ச்சல் பதிவுகள், வானிலைத் துறையின் மழை, வெப்ப, ஈரப்பத அளவுகள், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர் திறப்பு, உள்ளாட்சிகளின் குடிநீர் வழங்கல் இடைவெளி ஆகிய நான்கையும் வாரந்தோறும் ஒருங்கே வைத்து ஆராயும் பொறுப்பு ஒரே அலுவலரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. இவற்றுள் எதுவும் புதிதாகத் திரட்டப்பட வேண்டிய தகவல் அன்று; நான்கும் இன்றும் தனித்தனி அலுவலகங்களில் எழுதப்படுபவையே. அவ்வாராய்ச்சியின் முடிவு, கிராம சுகாதார செவிலியருக்கும் ஊராட்சிக் குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்கும் உப்பள மேற்பார்வையாளருக்கும் புரியும் தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல், திங்கட்கிழமைதோறும் சென்றடைய வேண்டும்.