வாலை வெட்டாதேங்கோ

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கட சேர்வர் படுத்திட்டுது. சேர்வர் எண்டால் பெரிசா நினைக்க வேண்டாம், ஆரும் பாவிக்காமல் விட்ட பழைய கம்பியூட்டர் ஒண்டு. அதில போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போட்டு, ஊர் ஊராய்ப் போய் வயசான ஆக்களிட்டக் கேட்ட கதைகளை ஒன்றரை வருசமாகத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறோம். கதை சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

டிஸ்க்கில் இடமில்லை என்றது பிழைச்செய்தி. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு ஃபோல்டர்தான் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. உள்ளே 16 எம்பி அளவில் ஆயிரக்கணக்கான பைல்கள். "லொக் தானே, அழிச்சு விடுவம்" எண்டு எங்களில ஒராள் கையை வைச்சாச்சு. எதுக்கும் முதல்ல வாசிச்சுப் பாப்பம் எண்டு இன்னொராள் மறிச்சதால தப்பினம்.

லொக் எண்ட சொல்தான் ஏமாத்துது. சாதாரண லொக் எண்டால் ஆர் வந்தது, ஆர் போனது எண்ட குறிப்பு. அழிச்சாலும் பெரிசா ஒண்டும் நடக்காது. டேட்டாபேஸின் பரிவர்த்தனை லொக் வேறு. கடைக்காரர் பகலில் சின்னக் கொப்பியில் கடனைக் குறித்துவிட்டு, பிறகு பெரிய பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா? அதே வேலைதான். எந்த மாற்றமும் முதலில் லொக்கில் எழுதப்படும், பிறகுதான் உரிய இடத்துக்குப் போகும். இடையில் கரண்ட் போனால் லொக்கை வாசித்துத்தான் டேட்டாபேஸ் எழும்பும். 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டுப் பார்த்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏற்றி முடிக்க முதல் கொப்பியைக் கிழிச்சால் கணக்கே இல்லை.

நாங்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. அந்த ஃபோல்டருக்கு முந்தி 'பீஜி எக்ஸ்லொக்' எண்டு பேர். லொக் எண்டதைக் கண்டு ஆக்கள் அழிச்சபடியால், 2017 இல் வந்த 10 ஆம் பதிப்பில் 'பீஜி வால்' என்று பெயரையே மாற்றினார்கள். பேர் பிழைச்சால் என்ன நடக்கும் எண்டு கலைப்பீடப் பிள்ளையளிட்டக் கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பம்.

வேலை முடிந்த லொக்கை டேட்டாபேஸ் தானே துப்புரவாக்கும். ஆக்கவில்லை எண்டால் ஆரோ அதுக்காகக் காத்திருக்கினம் எண்டு அர்த்தம். அது ஆர் எண்டு கேக்கிறதுதான் முதல் வேலை. எங்கட கதையில் அது வெளி டிஸ்க். லொக்கின் பிரதி அதில் போய்ச் சேரும்வரை அழிக்கக் கூடாது என்று நாங்களே அமைத்திருந்தோம். யாரோ அந்த டிஸ்க்கைக் கழட்டிப் 11 நாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. ஸ்கான் படங்களை வேறு இடத்துக்கு மாற்றி இடமெடுத்து, சேர்வரை எழுப்பி, டிஸ்க்கைத் திரும்பப் பூட்டினோம். பிரதிகள் போகப் போக ஃபோல்டர் தானாக வற்றியது. ஒரு வரிகூடப் போகவில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்துக்கு இந்தளவு அதிர்ஷ்டம் இருக்கவில்லை. பிரதி வைத்திருந்த இரண்டாவது சேர்வர் பின்தங்கியது. அதுக்கு வேண்டிய லொக் துண்டுகள் முதல் சேர்வரில் ஏற்கெனவே நீங்கியிருந்தன. புதிதாகப் பிரதி எடுக்க வெளிக்கிட்ட பொறியியலாளர், இரவு நேரத்தில் மாறி, முதல் சேர்வரின் தரவையே அழித்தார். பேக்கப் எடுக்கும் ஏற்பாடு தோற்றுப்போயிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஏறக்குறைய 6 மணித்தியாலத் தரவு போனது. ஆனால் நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டார்கள். மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகவும் காட்டினார்கள்.

எங்கட ஆக்களுக்கு ஆவணக்காப்பகம் திறக்க மாலை, மேடை எல்லாம் இருக்கு. பிறகு? "ஐடி தெரிஞ்ச பெடியன் பாப்பான்." அவன் படிப்பு முடிச்சுப் போனால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் எண்டுகூட ஒருத்தருக்கும் தெரியாது. கதையைச் சேர்க்கிற நாங்களே அதைக் காக்கவும் பழக வேண்டும். அதுக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

இப்ப திங்கட்கிழமைகளில் முறை வைச்சு ஒராள் இடத்தையும் கடைசிப் பிரதியின் திகதியையும் பார்த்துக் கொப்பியில் எழுதுறம். மாதம் ஒருக்கா பேக்கப்பை வேறொரு லப்டொப்பில் திறந்து, ஒரு பாட்டியின்ர கதையை முழுசா வாசிச்சுப் பாக்கிறம். வெளி டிஸ்க்கில ஒரு துண்டு ஒட்டியிருக்கு: "கழட்டாதேங்கோ."