டிராக்டர் சாவி இருக்கிறது; உரிமம் இருக்கிறதா?

நெல் அறுவடை முடிந்து வைக்கோல் கட்டு ஏற்றும் நாட்களில் ஊர்ச் சாலையோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஓட்டுகிறவரை நிறுத்தி "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறதே" என்பார், சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டுவார். அந்த அட்டையை வாங்கி, வாகன வகை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பல அட்டைகளில் எம்.சி.டபிள்யூ.ஜி. என்ற ஒரே வரிதான் இருக்கும். கியர் உள்ள இருசக்கர வாகனம் என்று அதற்குப் பொருள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுவதும், அட்டையே இல்லாமல் ஓட்டுவதும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

"நம்ம வயலில் நாம் உழுவதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் கேட்பது பொது இடத்தில் ஓட்டுவதற்குத்தான். ஆனால் டிராக்டர் கொட்டகையிலிருந்து வயலுக்குப் பறந்து போவதில்லை. ஊராட்சிச் சாலை, வாய்க்கால் கரை, சில இடங்களில் மாநில நெடுஞ்சாலை எல்லாம் கடந்துதான் போகிறது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் பொது இடம்தான். ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு 200 மீட்டர் தார்ச்சாலையில் போனாலும் அந்த 200 மீட்டருக்கு உரிமம் வேண்டும்.

போலீஸ் பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நான் இங்கே எழுத வந்தது அபராதத்தைப் பற்றி அல்ல. 5,000 ரூபாயை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடலாம். புரட்ட முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

32 வயதுக் கொத்தனார் ஒருவர். மாதம் 12,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். மாலை மங்கலில் அவருடைய பைக் மீது உங்கள் டிராக்டர் மோதி அவர் இறந்துவிட்டார், தவறு டிராக்டர் மீதுதான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. 40 வயதுக்குக் கீழே சுயதொழில் செய்தவர் என்பதால், எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள். 12,000 என்பது 16,800 ஆகும். ஆண்டுக்கு 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,51,200. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கும் எண் 16. பெருக்கிப் பாருங்கள்: 24,19,200 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, குடும்பத்தின் இழப்புக்கான தொகை, வழக்குப் போட்ட நாளிலிருந்து வட்டி.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு இந்தத் தொகைக்குத்தான். ஆனால் ஓட்டியவரிடம் டிராக்டருக்குரிய உரிமம் இல்லை என்றால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். 2004-இல் வந்த சுவரண் சிங் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு தீர்ப்பாயங்கள் இப்படிப்பட்ட வழக்குகளில் பல நேரம் ஒரே வகை உத்தரவைத்தான் போடுகின்றன: இறந்தவர் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் வசூல் என்றால் உங்கள் சொத்துதான். இரண்டு ஏக்கர் நஞ்சையை வைத்திருப்பவரிடம் நிறுவனம் வேறு எதை வசூலிக்கும்?

இது அடுத்தவருக்கு ஏற்படும் இழப்பு. டிராக்டர் வரப்பில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்து ஓட்டியவரே இறந்துபோனால்? பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. தொகை 15 லட்சம் ரூபாய். இது கிடைக்க மூன்று நிபந்தனை: வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குடும்பத்துக்கு அந்தப் பணம் வராது.

இங்கே நம் ஊர்களில் அதிகம் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் விவசாயிகளுக்கு மானிய விகிதம் கூடுதல் என்பதால் டிராக்டரையும் பவர் டில்லரையும் மனைவி பெயரில் வாங்குகிறோம். ஓட்டுவது கணவர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அம்மாவுக்கு உரிமம் இல்லை. உரிமம் உள்ள ஐயா உரிமையாளர் இல்லை. ஆகவே அந்த 15 லட்சம் இருவரில் யாருக்கும் பொருந்தாது. மனைவி பெயரில் வாங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓட்டப்போகிறவருக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும் என்கிறேன். அதோடு, உரிமம் இல்லாத ஒருவர் அந்த வண்டியை ஓட்டி விபத்து நடந்தால், நோட்டீஸ் வருவதும் வசூல் உத்தரவு வருவதும் அந்த அம்மாவின் பெயருக்குத்தான். கையெழுத்துப் போடும் நாளில் இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

சரி, எந்த உரிமம் வேண்டும்? சரக்கு ஏற்றாத நிலையில் 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், சட்டப்படி இலகுரக வாகனம். நாம் ஓட்டும் டிராக்டர்கள் எல்லாம் அந்த எடைக்குள் அடங்குபவை. ஆகவே கார் ஓட்டுவதற்கு எடுக்கும் எல்.எம்.வி. உரிமம் போதும். பின்னால் டிரெய்லர் மாட்டியதால் மட்டும் அந்த உரிமம் செல்லாமல் போய்விடாது என்று 2001-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காய்கறி ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டிக்கு பேட்ஜ் வேண்டுமா என்ற நீண்டநாள் குழப்பமும் 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை எல்.எம்.வி. உரிமத்திலேயே ஓட்டலாம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. லாரி ஓட்டத்தான் தனி உரிமம். அதற்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே பைக் உரிமம் வைத்திருப்பவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. அதே உரிமத்தில் ஒரு வகையைச் சேர்த்தால் போதும். பரிவாகன் இணையதளத்தில் சாரதி பக்கத்திலோ, இ-சேவை மையத்திலோ எல்.எல்.ஆர். விண்ணப்பம் போடலாம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவர் சான்று வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போகலாம். படிப்பு வேண்டாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற விதி போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் 2019-இல் எடுக்கப்பட்டுவிட்டது. "நான் படிக்காதவன், எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்று 20 வருடமாக உரிமம் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் ஊரில் இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். சாலைக் குறியீடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை சில நூறு ரூபாய். வெளியே பல ஆயிரம் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டு, தேர்வுத் திடலில் பெயருக்கு ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிய உரிமத்தால் யாருக்கும் பயனில்லை. பணத்தைச் சொல்லவில்லை; பாரம் ஏற்றிய டிரெய்லரை இறக்கத்தில் நிறுத்தத் தெரியாதவர் கையில் அந்த அட்டை இருப்பதைச் சொல்கிறேன்.

அரசைக் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பழகுநர் ஓட்டும்போது உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் கூட உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி. டிராக்டரில் இருப்பது ஒரே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்தால் அதுவே ஆபத்து. அங்கே உட்கார்ந்து வருபவருக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே டிராக்டரை மட்டுமே அறிந்த இளைஞர் விதிப்படி பழக வழியே இல்லை. ஓட்டுநர் பள்ளிக் காரில் பழகித்தான் உரிமம் வாங்க வேண்டியிருக்கிறது. டிராக்டரிலேயே தேர்வு கொடுக்க நினைத்தால் அதை 30, 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். உழவு சமயத்தில் ஒரு நாள் வாடகை போய்விடும்.

மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர், அறுவடைப் பருவத்துக்கு முன் ஒரு நாள், ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்துக்கு வந்து அந்த வட்டார விவசாயிகளுக்குத் தேர்வு நடத்தினால் என்ன? இடம் இருக்கிறது, டிராக்டர்களும் அங்கேயே நிற்கின்றன. வேளாண் பொறியியல் துறையும் போக்குவரத்துத் துறையும் பேசினால் முடிகிற காரியம். மானியத்துக்கு உரிமத்தைக் கட்டாய நிபந்தனை ஆக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று அலைபவருக்கு இன்னொரு தாள் சேரும். அதைக் காட்டியே இன்னொருவர் சம்பாதிப்பார். வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஓட்டப்போகிறவரையும் வரச்சொல்லி, எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை அங்கேயே போட்டுக் கொடுத்து அனுப்புவதுதான் சரி. உதவி வேளாண்மை அலுவலர்களும் அட்மா திட்டப் பணியாளர்களும் கிராமக் கூட்டங்களில் மண் பரிசோதனையைப் பற்றிச் சொல்வதோடு இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

உரிமம் உள்ளவர்கள் தேதியைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30-இலிருந்து 50 வரை எடுத்தால் பத்து ஆண்டு. 50-இலிருந்து 55 வரை எடுத்தால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று இருந்தது. அந்தச் சலுகை இப்போது இல்லை. தேதி முடிந்த மறுநாளே உரிமம் இல்லாதவர்தான். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைத் தாண்டவிட்டால் மறுபடி தேர்வு எழுந்துவிடும். அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் சட்டப்படி செல்லும். முகவரியை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், அட்டை தபாலில்தான் வருகிறது. 60-ஐத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்றைச் சடங்காக வாங்காமல் கண்ணை உண்மையாகவே காட்டிப் பாருங்கள். கண்புரை முதலில் தெரிவது இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில்தான்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் அப்பாவைவிட நன்றாக ஓட்டுவான் என்று பெருமைப்படுவோம். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ ஓட்டுநராகப் போக நினைத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

கூலிக்கு ஓட்டுநர் வைப்பவர்கள் முதல் நாளே அவருடைய உரிமத்தைக் கேட்டு வாங்கி, எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. எந்த வகைக்கு, எந்தத் தேதி வரை என்று அதிலேயே தெரியும். நகல் ஒன்றை எடுத்து பாலிசியோடு வையுங்கள். பின்னால் அந்த உரிமம் போலி என்றே தெரிய வந்தாலும், உரிமையாளர் தன்னால் ஆன கவனத்தோடு நடந்துகொண்டார் என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி. அதைக் கணக்கில் எடுத்து உரிமையாளரை விடுவித்த தீர்ப்புகள் இருக்கின்றன. அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது முகவரிடம் ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீடு இதில் சேர்ந்திருக்கிறதா, உரிமம் இல்லை என்று எடுத்துவிட்டீர்களா?"