செல் நகரல, மார்க் வந்துச்சு

பத்து மைக்ரோகிராம் புரோட்டீன் எவ்வளவு இருக்கும் தெரியுமா? கண்ணுக்கே சரியாத் தெரியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வந்த குப்பியைப் பார்த்து, "டேய், காலி பாட்டில அனுப்பிட்டாங்கடா"ன்னு என் டீம் மேட் சொன்னான். நானும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். முதல் தப்பே அதுதான்.

உள்ளே இருந்தது சிசிஎல்2 என்ற கீமோகைன். உடம்பில் அழற்சி வரும் இடத்துக்கு மோனோசைட் செல்களை "இங்க வாங்க"ன்னு கூப்பிடுற, 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரோட்டீன். மனித ஜீனை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்து, உலர்த்திப் பொடியாக அனுப்புகிறார்கள். வழியில் அந்தப் பொடி மூடியில் ஒட்டியிருக்கலாம். அதனால் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். நாங்க சுற்றல.

அப்புறம் வோர்டெக்ஸில் வைத்து நுரை வரக் கலக்கினோம். சின்னச் சின்ன ட்யூபாகப் பிரிக்காமல், மொத்தத்தையும் ஒரே ட்யூபில் நாலு தடவை உறைய வைத்து உருக்கினோம். டிஎச்பி-1 செல்கள் ஃபில்டரைத் தாண்டவே இல்லை. பயந்துபோய் டோஸைப் பத்து மடங்காக்கினோம். கீமோகைன் ஓர் அளவைத் தாண்டினால் செல்கள் நகர்வது குறையும் என்பதே பிறகுதான் தெரிந்தது.

ஆனா ரிவ்யூவில் "செல்கள் நகர்ந்தன"ன்னு காட்டினோம். சீனியர் ரிப்போர்ட்டில் இருந்த அதே மாதிரி கிராஃப். மார்க்கும் வந்துச்சு.

இப்போ எனக்கு ஒரு சந்தேகம். அந்த சீனியருக்கு மட்டும் நிஜமாவே வந்திருக்குமா? எங்கே சொதப்பினோம்னு அவர் அரைப் பக்கம் எழுதியிருந்தா, எங்களுக்கு ஒரு குப்பியும் ஒரு மாசமும் மிச்சமாகியிருக்கும்.

அதனால்தான் சொல்றேன்: ரிசல்ட் வராத எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் மார்க் வேணும். "அப்போ ஒண்ணுமே செய்யாதவனும் வரலைன்னு எழுதுவானே?"ன்னு கேட்கலாம். செய்யாதவனுக்கு எந்த ஸ்டெப்பில் தப்பு நடந்திருக்கும், கண்ட்ரோலில் என்ன வந்ததுன்னு சொல்லத் தெரியாது. வைவாவில் ரெண்டு கேள்வி போதும், மாட்டிப்பான். பொய் கிராஃபைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஃபைனல் ரிப்போர்ட் இன்னும் கொடுக்கல. ரிசல்ட் பக்கத்தை மாற்றி எழுதியாச்சு: "செல்கள் நகரவில்லை." கூடவே எங்க தப்புகளும் வரிசையாக. மார்க் குறைஞ்சா குறையட்டும். அடுத்த வருஷம் இந்தக் குப்பியைத் திறக்கப் போற ஜூனியர், முதல்ல அதை சென்ட்ரிஃபியூஜில் போடட்டும்.