வாடகை கொடுக்காத வயர்கள்

ரொம்ப நாளா சினிமாவும் ரயில் கதையும்தான் எழுதிட்டிருந்தேன். இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பொறுத்துக்குங்க மக்களே.

அரக்கோணத்துல மாடியில ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்து நான் கணக்கு வேலை பாக்குறது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கீழே துணிக்கடை, எனக்கு மேலே டியூஷன் சென்டர். போன வாரம் மதியம் கருகின வாடை. பக்கத்துலயே டப்புன்னு ட்ரிப் ஆச்சு. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து ஃபால்ஸ் சீலிங்கில ரெண்டு பலகையைக் கழட்டினார்.

உள்ளே பாத்தா ஒரு மியூசியம்! என்னிக்கோ இருந்த எஸ்.டி.டி பூத்தோட டெலிபோன் வயர், அப்புறம் வந்த ப்ரவுசிங் சென்டரோட நெட்வொர்க் கேபிள், கேபிள் டிவி வயர், இண்டர்காம், பழைய ஏ.சி லைன். ஆளுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, வயரை மட்டும் குடி வெச்சுட்டுப் போயிட்டாங்க. நடுவுல எலி கடிச்ச என்னோட லைன் கருகி, பக்கத்துக் கட்டு லேசா உருகியிருந்தது. அதைவிடக் கொடுமை, 'செத்த வயர்'னு நெனச்ச ஒண்ணுல டெஸ்டர் பளிச்சுன்னு எரிஞ்சுது. முனையில சுத்தின டேப் என்னிக்கோ உதிர்ந்து போயிருக்கு.

ஓனருக்கு போன் போட்டேன். "அது பாட்டுக்குக் கிடக்குது சார், உங்களை என்ன பண்ணுது?"ன்னார்.

என்ன பண்ணும்னு சொல்றேன். கரண்ட் இல்லாத வயர் தானா பத்திக்காது, வாஸ்தவம். ஆனா வேற எங்கயாவது பிடிச்ச நெருப்புக்கு அது விறகு. மேலே இருக்கிற உறை பெரும்பாலும் பி.வி.சி. எரிஞ்சா கருப்புப் புகையோட ஹைட்ரஜன் குளோரைடும் வரும், கண்ணையும் தொண்டையையும் அரிச்சுடும். தீ விபத்துல நிறைய பேரைக் கொல்றது நெருப்பு இல்லை, புகை. 1997 ஜூன் 13 அன்னிக்கு டெல்லி உப்ஹார் தியேட்டர்ல 59 பேர் செத்தாங்களே, ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஆரம்பிச்ச தீ. பெரும்பாலானவங்க மூச்சுத் திணறித்தான் போனாங்க.

1975-ஐ எடுத்துக்குங்க. பிப்ரவரி 13, நியூயார்க் உலக வர்த்தக மையம்: 11வது மாடியில பிடிச்ச தீ, டெலிபோன் கேபிள் போன ஓட்டைகள் வழியா மத்த மாடிகளுக்கும் பரவுச்சு. ரெண்டே வாரம் கழிச்சு அதே ஊர்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சில கேபிள் எரிஞ்சு, கிட்டத்தட்ட 1,70,000 டெலிபோன் ஊமையாச்சு. மார்ச் 22, அலபாமாவுல பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம்: கேபிள் ஓட்டையில காத்துக் கசிவு இருக்கான்னு மெழுகுவத்தி வெச்சுப் பாத்தாங்களாம்! 1,600-க்கு மேல கேபிள் நாசம். இது எதுலயும் கேபிள் செத்ததா உயிரோட இருக்கான்னு நெருப்பு கேக்கலை.

அமெரிக்காக்காரன் இதுக்குன்னே 2002 மின் விதிகள்ல ஒரு வரி சேத்தான்: பயன்பாட்டுல இல்லாத தகவல் தொடர்புக் கேபிள்ல, கைக்கு எட்டுற பகுதியை எடுத்துடணும். பின்னாடி தேவைன்னா அட்டை கட்டி வைக்கணும். அவ்ளோதான். நம்ம 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பும், கேபிள் போற ஷாஃப்டை மாடிக்கு மாடி தீத்தடுப்புப் பொருளால அடைக்கணும்னு சொல்லுது. எங்க கட்டடத்துல அந்த ஓட்டையில பழைய பேப்பர் திணிச்சு வெச்சிருக்காங்க :(

"கண்டதை வெட்டப் போய் ஓடுற லைனை வெட்டிட்டா?"ன்னு தம்பி கேட்டார். நியாயமான பயம். அதனால மெயினை அணைச்சு, ஒவ்வொண்ணா ரெண்டு முனையும் கண்டுபிடிச்சு, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டணும். எது யாருதுன்னு தெரியலையோ, அதுல அட்டை கட்டிட்டு விசாரிக்கணும். எடுத்த ஓட்டையை அடைக்கணும். உள்ளே இருக்கிற செம்புக்குக் காயலான் கடையில காசு கிடைக்கும், கூலியில பாதியாவது தேறும். ஆனா தயவுசெஞ்சு ஏரிக்கரையில போட்டு உறையை எரிக்காதீங்க. அந்த விஷப்புகையை ஊர் சுவாசிக்கும்.

என் கட்சி இதுதான்: காலி பண்ணும்போது சுவத்துக்கு வெள்ளை அடிச்சாத்தானே அட்வான்ஸ் திருப்பித் தர்றாங்க? அதோட 'போட்ட வயரை எடுத்துட்டுப் போ'ன்னு ஒரு வரி ஒப்பந்தத்துல சேருங்க. ஏற்கெனவே அனாதையாக் கிடக்கிறது ஓனர் பொறுப்பு. பல வருஷம் வாடகை வாங்கினவர் அவர்தானே.

சாயங்காலம் மேலே டியூஷனுக்கு நாப்பது பசங்க வருது. இறங்க ஒரே படி, அதுலயும் பாதி செருப்பு. 2004 ஜூலை 16, கும்பகோணத்துல 94 பிஞ்சுகள் கருகினப்போ நாம எல்லாரும் அழுதோம். அங்கே பத்திக்கிட்டது கீத்துக் கூரை, காரணம் வேற. குறுகின படி மட்டும் ஒண்ணுதான்.

ஓனர் இன்னும் மசியலை. என் அறை வரைக்கும் இந்த ஞாயித்துக்கிழமை நானே என் காசுல எடுக்கச் சொல்லிட்டேன். உங்க ஆபீஸ் சீலிங்கையும் ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு வந்து, உள்ளே என்ன இருந்ததுன்னு சொல்லுங்க.

பி.கு: பாக்கறதோட நிறுத்துங்க. கையை வைக்கிறது எலக்ட்ரீஷியனா இருக்கட்டும் :)