பத்துப் பொருத்தம் வேண்டாம்... இந்த ஆறு பொருத்தம் பாருங்க! - கேமிங் பிசி வாங்குவோர் கவனத்துக்கு

பிளஸ் டூ முடித்து கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் விருப்பப் பட்டியலில் பைக்கோடு போட்டி போடுகிறது கேமிங் பிசி. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தால், கொடுக்கும் காசுக்கு நல்ல வேகம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால், எல்லா பாகமும் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தரமான பொருளாக இருக்கும். சேர்த்து மாட்டினால் ஆன் ஆகாது. சீல் உடைத்த பொருளைப் பல கடைகள் திரும்ப வாங்குவதும் இல்லை. ஒரு பாகம் தப்பாகிப்போனால், வீட்டு பட்ஜெட்டில் சில ஆயிரங்கள் காலி.

எனவே, சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, இந்த ஆறு பொருத்தங்களையும் ஒரு பேப்பரில் எழுதி, டிக் அடித்த பிறகு பணம் கட்டுங்கள். எளிதாகப் புரிய ஒரு நடுத்தர பிசியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிராசஸர், ஏஎம்டி ரைசன் 5 7600. கிராபிக்ஸ் கார்டு, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060.

1. மானிட்டர் - கிராபிக்ஸ் கார்டு

பலரும் பிராசஸரில் இருந்துதான் தொடங்குகிறார்கள். உண்மையில் தொடங்க வேண்டியது மானிட்டரில் இருந்து. ஃபுல் ஹெச்டி திரையைவிட 4கே திரையில் 4 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. அத்தனையையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டுதான். 8 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060, ஃபுல் ஹெச்டிக்கு நல்ல ஜோடி. 4கே திரையில் திணறும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், விநாடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் காட்டாது. அதற்கு விலை உயர்ந்த கார்டை வாங்கினால், கொடுத்த காசில் பாதி கண்ணுக்கே தெரியாது.

2. பிராசஸர் - மதர்போர்டு

பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ரைசன் 5 7600-க்கு ஏஎம்5 சாக்கெட் வேண்டும். பி650 போர்டு பொருந்தும். விலை குறைவு என்று பி550 போர்டை வாங்கினால் பொருந்தாது. அது பழைய ஏஎம்4 சாக்கெட். இன்டெல்லிலும் இதே கதைதான். 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களுக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851.

சாக்கெட் பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. முதலில் வந்த பி650 போர்டுகளில், பின்னர் வந்த ரைசன் 9000 பிராசஸரை மாட்டினால் திரையில் ஒன்றுமே வராமல் போகலாம். பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் சரியாகிவிடும். இதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 12400எஃப், 7500எஃப் என 'எஃப்' இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. 7600-ல் அடிப்படை கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

3. ரேம் - மதர்போர்டு

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால், நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் விற்பனையில் உண்டு என்பதால், அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிச் செல்வதால் 2025-ன் இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. இந்த நேரத்தில் தப்பான ரேம் வாங்குவது இரட்டை நஷ்டம்.

16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜிபி குச்சிகள் இரண்டு வாங்குங்கள். இரண்டு வழியில் டேட்டா போய்வருவதால் கேம்கள் சீராக ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பொதுவாக பிராசஸரில் இருந்து 2-வது, 4-வது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி வசதியை ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் 6000 என்று எழுதியிருக்கும் ரேம், 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

4. எஸ்எஸ்டி - ஸ்லாட்

எம்.2 வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். புதிய போர்டுகளுக்கு என்விஎம்இ வகையே சரி.

5. பவர் சப்ளை - மொத்த பிசி

பட்ஜெட் இடித்தால் பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். கைவைக்கவே கூடாத இடமும் இதுதான். 7600 அதிகபட்சம் சுமார் 88 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 சுமார் 145 வாட். மற்ற பாகங்களைச் சேர்த்தாலும் 300 வாட்டுக்குள்தான் வரும். ஆனாலும் இந்த கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. திடீரென ஏறும் மின்தேவையைச் சமாளிக்க அந்த இடைவெளி தேவை. கேபினெட்டோடு 'இலவசமாக' வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையை நம்பாதீர்கள். அது போகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால், அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறு கம்பெனி கேபிள் பொருந்துவதுபோல் இருக்கும். உள்ளே இணைப்பு மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும்.

கரன்ட் கட்டாகும் ஊர்களில் யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரோடு சேர்த்து கேம் ஓடும்போது அது விளிம்பில் நிற்கும். 1000 விஏ-வுக்கு மேல் பாருங்கள்.

6. கேபினெட் - உள்ளே போகும் எல்லாம்

ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 305 x 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244 மி.மீ. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு உட்காரும். சின்ன கேபினெட்டில் பெரிய போர்டு உட்காராது. கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் மி.மீ. கணக்கில் கேபினெட்டின் விவரக்குறிப்போடு ஒப்பிடுங்கள். 7600 பெட்டியில் கூலர் உண்டு. 7600எக்ஸ் பெட்டியில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்டைவிட வலை வைத்த கேபினெட்டே நல்லது.

'ஐ7 கேமிங் பிசி' ஆஃபர்... உஷார்!

மிகக் குறைந்த விலையில் 'ஐ7, 16 ஜிபி ரேம், கலர் லைட்' என்று விளம்பரம் வந்தால், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2012-ல் வந்த 3-ம் தலைமுறை ஐ7 பிராசஸரைவிட, 2022-ல் வந்த ஐ3 12100 வேகமானது. மேலும், 8-ம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் பிராசஸர்கள் விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ம் தேதியே முடிந்துவிட்டது.

பில் வாங்கும்போது 'அசெம்பிள்டு பிசி' என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வாரன்டி காலம் வேறு. பழுதானால் அந்தந்த கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பணம் பற்றவில்லையா?

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்காதீர்கள். பிறகு சேர்க்க முடிந்ததைத் தள்ளிப்போடுங்கள். கலர் லைட் ஃபேன், இரண்டாவது எஸ்எஸ்டி எல்லாம் காத்திருக்கலாம். ஏன், 7600 போன்ற பிராசஸர் என்றால் கிராபிக்ஸ் கார்டுகூடக் காத்திருக்கலாம். இப்போதைக்குக் கல்லூரி புராஜெக்ட்டும் சின்னச் சின்ன கேம்களும் அதிலேயே ஓடும். தீபாவளி போனஸ் வந்ததும் கார்டை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரே நிபந்தனை, அந்த கார்டைத் தாங்கும் பவர் சப்ளையையும் அது நுழையும் கேபினெட்டையும் இன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும்.