துணி மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும்!

உலகத்துக்கெல்லாம் உள்ளாடை தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். ஆனால் அங்கே தைக்கும் பெண்களில் எத்தனையோ பேர் மாதவிலக்கு நாட்களில் பழந்துணியோடு தவிக்கிறார்கள். இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களல்ல, முதலாளிகள்!

துவைத்துத் துவைத்து உடுத்தும் மாதவிலக்கு உள்ளாடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. மேலே பருத்தி, நடுவே உதிரத்தை உறிஞ்சும் அடுக்கு, அடியில் கசிவைத் தடுக்கும் மெல்லிய படலம். உடம்போடு ஒட்டும் அளவாக, தையல் கெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். வெந்நீர் கறையைப் பதித்துவிடும்; இஸ்திரிச் சூடு படலத்தைக் கெடுத்துவிடும். ஈரத்தோடு உடுத்தினால் அரிப்பும் புண்ணும் வரும். பேணினால் பல மாதம் உழைக்கும். நாப்கின் போல மாதாமாதம் காசு கேட்காது.

நல்லதுதான். ஆனால் நாம் கேட்கிறோம்: தண்ணீர் வராத கக்கூசில் எங்கே அலசுவது? வெயில் எட்டாத விடுதியில் எங்கே உலர்த்துவது? நாளெல்லாம் நடவு வயலில் நிற்கும் கூலிப்பெண் எங்கே மாற்றுவாள்? மூன்று நான்கு உருப்படியை ஒரேயடியாக வாங்க வாரக்கூலி காணுமா?

2018 ஜூலையில் நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீங்கியது. பெண்கள் போராடியதால் நீங்கியது. சர்க்கார் காட்டிய தயவல்ல.

ஆகவே தோழர்களே! தாழ்ப்பாளுள்ள கக்கூசு, குழாய்த் தண்ணீர், மாற்றிக்கொள்ள இடைவேளை, விடுதியில் வெயில்படும் கொடி, இவற்றைச் சங்கத்தின் கோரிக்கையில் கூலி உயர்வோடு சேர்ப்போம். ஆண் தோழர்களும் கூச்சத்தை விட்டு வாயில் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்.